பால் நோட்டில் இல்லாத வீடுகள்: 2020 ஊரடங்கில் ஒரு கொங்குக் கிராமம்

காங்கயம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் 2020 மார்ச் முதல் நடந்ததைப் பற்றிய பதிவு இது. அந்த ஊர்ப் பால் கூட்டுறவு சங்கத்தில் நான் செயலாளர். பாதியை நேரில் பார்த்தேன், மீதியைச் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். நடந்த தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு. அதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

பின்னணி

எங்கள் வட்டாரத்தில் ஊர் என்றால் எல்லா வீடும் ஒரே இடத்தில் இருக்காது. நடுவில் மாரியம்மன் கோயில், ரேசன் கடை, பள்ளிக்கூடம், அதைச் சுற்றி ஐம்பது அறுபது வீடு. தெற்கே கொஞ்சம் தள்ளிக் காலனி. மற்றதெல்லாம் தோட்டத்து வீடுகள். அவரவர் காட்டுக்குள், கிணற்றை ஒட்டி, ஒன்றிலிருந்து கூப்பிட்டால் இன்னொன்றுக்குக் கேட்காத தூரத்தில் இருக்கும். நடுவே கிளுவை வேலி போட்ட கொரங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்கள், இரண்டு வேலிக்கு இடையில் ஓடும் இட்டேரிகள். மழை குறைந்த பூமி என்பதால் வெள்ளாமையை நம்ப முடியாது. மாடுதான் குடும்பத்தைத் தாங்குகிறது. அப்போது எங்கள் நோட்டில் 96 பேர் தினமும் இரண்டு வேளையும் பால் ஊற்றினார்கள்.

தோட்டத்து வீடுகளில் பலவற்றில் வயதானவர்கள் மட்டும்தான். பிள்ளைகள் திருப்பூர், கோவை, பெங்களூரு என்று போய்விட்டார்கள். காலனியில் நிலைமை வேறு. அங்கே வயதில் இருக்கும் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், ராத்திரி இறக்கிவிடும். சில குடும்பங்கள் திருப்பூரிலேயே லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள்.

இப்படிச் சிதறிக் கிடக்கிற ஊரில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்ற செய்தி டீக்கடையிலும், பஸ்ஸிலும், வாரச் சந்தையிலும்தான் பரவும். "உங்க பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரை ரெண்டு நாளாக் காணமே" என்று யாராவது கேட்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் ஆள் போய்ப் பார்த்துவிடும். ஊரடங்கில் இவை எல்லாமே ஒரே நாளில் நின்றன. எதை இழந்தோம் என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மார்ச் 22 முதல் 26 வரை: முள் போட்டது

மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை, மக்கள் ஊரடங்கு. காலைப் பால் வழக்கம்போல வந்தது. அன்றைக்கே மத்திய அரசு முடக்கச் சொன்ன மாவட்டங்களில் சென்னை, காஞ்சிபுரத்தோடு ஈரோடும் இருந்தது. ஈரோட்டுக்கு வந்திருந்த தாய்லாந்துக்காரர்களுக்குத் தொற்று என்ற செய்தி ஏற்கெனவே எல்லோருடைய போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. ஈரோடு எங்களுக்கு வெளியூர் இல்லை. மஞ்சள் விற்பதும் ஜவுளி எடுப்பதும் பெண் கொடுத்ததும் அங்கேதான். பயம் அந்த வழியாகத்தான் ஊருக்குள் வந்தது.

மார்ச் 24 செவ்வாய்க்கிழமை மாரியம்மன் நோம்பியை, அதாவது திருவிழாவைத் தொடங்கும் பூச்சாட்டு வைத்திருந்தோம். பூச்சாட்டினால் ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது, வெளியே இருப்பவர்களும் வந்து சேர வேண்டும். 23-ஆம் தேதி இரவு கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். "பூச்சாட்டுனா திருப்பூர்ல இருக்கற சனம் பூராவும் வந்துரும். வராதேன்னு சொல்ல நம்மனால முடியாது. அதனால நோம்பியவே தள்ளி வெப்போம்" என்றார் மூத்தவர் ஒருவர். அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தள்ளி வைத்தோம். அந்தப் பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டமே, அந்தப் பெரிய தீமிதியே நடக்கவில்லை. அத்தனை பதற்றத்திலும் யோசித்து எடுத்த முடிவு அது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அடுத்த முடிவை அப்படிச் சொல்ல முடியாது. 24-ஆம் தேதி மாலை 144, இரவு 21 நாள் ஊரடங்கு அறிவிப்பு. 26-ஆம் தேதி காலையில் இளைஞர்கள் ஊருக்கு வரும் மூன்று தார் ரோட்டிலும் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டார்கள். கிழக்கு ரோட்டில் ஒரு பனைமரத் துண்டையும் உருட்டிப் போட்டார்கள். பக்கத்தில் ஒரு அண்டாவில் மஞ்சள் தண்ணீர், அதில் வேப்பிலை. "வெளியூர் ஆட்கள், ஒறம்பரை யாரும் வர வேண்டாம்" என்று ஒரு பிளக்ஸ். ஒறம்பரை என்றால் உறவுக்காரர்கள். நான்கு நான்கு பேராக முறை வைத்துக் காவல் இருந்தார்கள்.

நல்ல பிள்ளைகள். வெயிலில் நின்றார்கள், சொந்தக் காசில் மாஸ்க் வாங்கி வந்து கொடுத்தார்கள். முள் போடலாமா என்று என்னிடம் கேட்டபோது பால் வண்டிக்கு வழி இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். அது என் தவறு. 23-ஆம் தேதி இரவுக் கூட்டத்தில் காலனியிலிருந்து ஒருவரும் இல்லை, கூப்பிடவும் இல்லை. பெண்களும் இல்லை. தோட்டத்து வீட்டுப் பெரியவர்களில் மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். மூன்று பேரிடமும் கார் இருந்தது.

இரண்டு நாள் கழித்து வந்த போலீஸ்காரர் ஒருவர் ஆம்புலன்ஸ் வர வழி விடச் சொல்லிவிட்டுப் போனார். பால் வண்டி வரும் மேற்கு ரோட்டில் முள்ளை இன்னும் கொஞ்சம் ஒதுக்கினார்கள். கிழக்கில் ஒரு பைக் நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டார்கள். பனைத் துண்டு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

திருப்பூரிலிருந்து வந்தவர்கள்

மார்ச் 28 விடியற்காலை, லைன் வீட்டில் இருந்த மூன்று குடும்பங்கள், குழந்தைகளோடு 11 பேர், இட்டேரி வழியாகக் காலனிக்கு வந்து சேர்ந்தார்கள். கம்பெனி மூடிவிட்டது, வாடகைக்குக் காசில்லை. பாதித் தூரம் ஒரு காய்கறி வண்டியில் வந்து, மீதியை நடந்திருக்கிறார்கள். முள்ளெல்லாம் தார் ரோட்டில்தான் கிடந்தது. இங்கே பிறந்தவர்களுக்கு இட்டேரி தெரியாதா?

விடிந்ததும் சத்தம் ஆரம்பித்தது. அவர்களைப் பள்ளிக்கூடத்தில் வைக்க வேண்டும் என்று சிலர், திருப்பூருக்கே அனுப்ப வேண்டும் என்று சிலர். வந்தவர்களில் ஒரு பெண் ஏழு மாதக் கர்ப்பிணி. பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குத் தண்ணீர் வசதி சரியில்லை. காலனி வீடுகளோ ஒரே அறை. ஒரு வீட்டுக்குள் ஒருவரை மட்டும் தனியாக வைக்க வழியில்லை.

வழி சொன்னவர் காலனியில் மூத்த பாட்டி ஒருவர். கோயில் முன்னால் வந்து, கொஞ்சம் தள்ளியே நின்று சொன்னார்: "அம்மை போட்ட ஊட்டுல வேப்பல சொருகறமல்லங் சாமி. அதே மாதிரி இந்த மூணு ஊட்டுலயும் சொருகிக்கறோம். பதினஞ்சு நாளைக்கு ஒருத்தரும் வெளிய வர மாட்டாங்க. ஆனா அம்மை ஊட்டுக்குச் சோறு கொண்டாந்து வெக்கறாப்பல நீங்களும் கொண்டாந்து வெக்கோணும்."

அதற்கு மறுபேச்சு வரவில்லை. அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் போகக் கூடாது என்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள், வந்தவர் வாசலோடு திரும்பிவிடுவார், இளநீரும் மோரும் வாசலில் வைக்கப்படும். அதில் அவமானம் இல்லை, அம்மன் வந்திருக்கிறாள் என்றுதான் பேச்சு. பிறகு வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த ஸ்டிக்கரைப் பார்த்துக் கூசியவர்கள் வேப்பிலையைப் பார்த்துக் கூசவில்லை. 14 நாளும் மூன்று வீட்டுக்கும் சங்கத்திலிருந்து தினம் ஒரு லிட்டர் பால் போனது. ஊரில் ஆறு வீட்டுப் பெண்கள் முறை வைத்து அரிசியும் காய்கறியும் கொடுத்தார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை. கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஜூன் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது.

பால் பெருகிய வாரம்

மாத முடிவில் இன்னொரு சிக்கல். டீக்கடை, ஹோட்டல் எல்லாம் மூடியதால் தனியார் பால் கம்பெனி ஒன்று முதலில் விலையைக் குறைத்தது, அப்புறம் மாலைப் பாலே வேண்டாம் என்றது. அங்கே ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் எங்களிடம் வந்தார்கள். கூட்டுறவில் பசும்பாலுக்கு லிட்டர் 32 ரூபாய், 2019 ஆகஸ்ட்டில் உயர்த்திய விலை. அது குறையவில்லை. ஆனால் எங்களிடம் கேன் இல்லை. உறுப்பினர் அல்லாதவர் பாலை எடுக்கலாமா என்ற கேள்வி வேறு. எடுத்துக்கொண்டோம். மாட்டிடம் போய் ஊரடங்கு என்று சொல்ல முடியாதல்லவா?

இந்த நெருக்கடியில்தான் நான் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். சங்கத்துக்கு வெளியே சுண்ணாம்பில் வட்டம் போட்டு ஆட்களை நிறுத்திவைத்திருந்தோம். வருகிறவர் தூக்குப்போசியை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் போவார், பாலைச் சோதிக்கும் டெஸ்டர் எடுத்து ஊற்றுவார், நான் நோட்டில் எழுதுவேன். முன்பெல்லாம் பால் ஊற்றிவிட்டுக் கால் மணி நேரம் நின்று பேசுவார்கள். இப்போது இரண்டு நிமிடத்தில் போகச் சொல்லி நானே விரட்டினேன். முகத்தில் மாஸ்க். ஒருவர் வாடியிருக்கிறாரா என்றுகூடத் தெரியாது.

ஏப்ரல் 3: காலியாகக் கிடந்த கட்டம்

உறுப்பினர் எண் 37. எழுபது தாண்டிய பெரியவர். அவரும் அவர் வீட்டம்மாவும் ஊரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளித் தோட்டத்தில் இருக்கிறார்கள். இரண்டு மாடு. மகன் பெங்களூரில். பெரியவர் தினமும் டி.வி.எஸ். வண்டியில் இரண்டு வேளையும் பால் கொண்டுவருவார்.

ஏப்ரல் 2 வியாழக்கிழமை மாலை அவர் வரவில்லை. கட்டம் காலியாக இருந்ததை எழுதும்போதே பார்த்தேன். பால் வற்றினால் கட்டம் காலியாகத்தான் இருக்கும், அதனால் பெரிதாக நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையும் இல்லை, மாலையும் இல்லை. ராத்திரி ஏழு மணிக்குக் கணக்கு முடிக்கும்போது மூன்று காலிக் கட்டம் அடுத்தடுத்துக் கண்ணில் பட்டது. அவர் மாடு தையில்தான் கன்று போட்டது. வற்றுவதற்கு வாய்ப்பே இல்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை.

நானும் டெஸ்டரும் போனோம். இட்டேரியில் திரும்பும்போதே மாடு கத்துவது கேட்டது. மடி கட்டிப்போன மாடு கத்துகிற சத்தம் வேறு மாதிரி இருக்கும், மாடு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். கட்டுத்தறியில் போய்ப் பார்த்தால் மடி கல் போல இருந்தது, காம்பில் பால் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாளுக்கும் மேலாகக் கறக்கவில்லை.

பெரியவர் ஆசாரத்தில், அதாவது வீட்டு முன்கூடத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்திருந்தார். கட்டிலில் அம்மா. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தார், மறுபடி மூடிக்கொண்டார். மூச்சு வேகமாக இருந்தது. வலது காலில் சுற்றியிருந்த துணி நனைந்து நாற்றம் அடித்தது. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர். இன்சுலின் தீர்ந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

"ஏனுங் மாமா, ஒரு போன் பண்ணீருக்கலாமல்லங்?" என்றேன்.

"சீட்டக் குடுத்துத்தான உட்ருக்கறேன் கண்ணு. வாங்கியாந்து தர்றோம்னாங்க. இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு இருந்துட்டேன்."

பிறகு விசாரித்ததில் தெரிந்தது இதுதான். மார்ச் 30-ஆம் தேதி அவர் காங்கயம் போகக் கிழக்கு ரோட்டுக்கு வந்திருக்கிறார். காவலுக்கு நின்ற பையன் வயதானவர்கள் வெளியே போக வேண்டாம், நாங்களே வாங்கி வருகிறோம் என்று மருந்துச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டான். அன்று மெடிக்கலில் அந்த மருந்து இல்லை. மறுநாள் காவல் மாறிவிட்டது. சீட்டு அவன் சட்டைப் பையிலேயே இருந்து துவைக்கப் போய்விட்டது. பெரியவர் அதற்கப்புறமும் மூன்று நாள் ஒழுங்காகப் பால் ஊற்றினார். ஆறு வேளை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். சொல்ல நேரம் நான் கொடுக்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மகன் தினமும் போனில் கேட்டிருக்கிறார், நல்லாருக்கறோம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். வியாழக்கிழமை அம்மாவுக்கு முற்றியதும் அவரை விட்டு நகர முடியாமல் மாட்டையும் விட்டுவிட்டார்.

108-க்கு அடித்தோம். வண்டி சீக்கிரமே வந்துவிட்டது, ஆனால் வந்தது கிழக்கு ரோடு. முள்ளுக்கு அந்தப் பக்கம் விளக்குச் சுழல நின்றது. சுற்றிக்கொண்டு மேற்கே வர இன்னும் எட்டுக் கிலோமீட்டர். அம்மாவைக் கயிற்றுக் கட்டிலோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு இட்டேரியில் நடந்தோம். அதற்குள் காவலுக்கு இருந்த பிள்ளைகள் வெறும் கையால் முள்ளை இழுத்துப் போட்டார்கள். பனைத் துண்டைப் புரட்ட எட்டுப் பேர் தேவைப்பட்டது. ஆம்புலன்ஸ் வந்து நின்றதிலிருந்து அம்மாவை ஏற்றும் வரை 35 நிமிடம். அந்த 35 நிமிடமும் எங்கள் கையால் நாங்களே போட்டது.

அம்மா பிழைத்தார். வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். புண் முன்பே இருந்தது, இன்சுலின் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்று டாக்டர் சொன்னதாகப் பெரியவர் சொன்னார்.

அன்று இரவும் மறுநாளும் எடுத்த முடிவுகள்

முள்ளைத் திரும்பப் போடவில்லை. அதற்குக் கூட்டம் எதுவும் நடக்கவில்லை. கையெல்லாம் கிழிந்து நின்ற பிள்ளைகளே வேண்டாம் என்று விட்டார்கள். பதிலுக்கு ஒரு மேசை, தண்ணீர்த் தொட்டி, சோப்பு, ஒரு நோட்டு வைத்தார்கள். யார் எதற்குப் போகிறார், என்ன வாங்கி வர வேண்டும் என்று நோட்டில் எழுத வேண்டும். காவல் மாறும்போது முடியாத வேலையை அடுத்தவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சட்டைப் பையில் சீட்டு கூடாது.

சங்கத்தில் நான் எடுத்த முடிவு: கட்டம் காலியாக இருந்தால் அந்த வேளையே போன். போன் எடுக்காவிட்டால் அடுத்த வேளைக்குள் ஆள். மாடு வற்றியிருந்தால் அதை ஓரத்தில் எழுதிவைப்பது. வேலை கூடத்தான் செய்தது. முதல் வாரத்திலேயே இரண்டு வீட்டில் காரணம் கிடைத்தது. ஒருவருக்கு வழுக்கி விழுந்து கை பிசகியிருந்தது. இன்னொரு வீட்டில் தீவனம் வாங்கக் காசில்லாமல் மாட்டை விற்கப் பார்த்திருக்கிறார்கள். சந்தை இல்லாததால் விற்கவும் முடியவில்லை. சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுச் சந்தையும் அந்த வருடம் கூடவில்லை. அவருக்குப் பால் பணத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி இரண்டு மூட்டைத் தீவனம் கொடுத்தோம்.

நோட்டில் இல்லாத வீடுகள்

இதைப் பெருமையாக நான் சொல்லிக்கொண்டிருந்தபோது மகளிர் குழுவில் இருந்த காலனிப் பெண் ஒருவர் கேட்டார்: "மாடு இருக்கறவிய வரலீன்னா உங்களுக்குத் தெரியும். மாடு இல்லாதவிய வரலீன்னா ஆருக்குங் தெரியும்?"

பதில் சொல்ல முடியவில்லை. ரேசன் கார்டுக் கணக்கில் எங்கள் ஊரில் இருநூறு வீட்டுக்கு மேல் உண்டு. என் நோட்டில் இருந்தது 96. காலனி முழுவதும் வெளியே. மாட்டை விற்றுவிட்ட கிழவர்களும், புருசன் செத்த பிறகு தனியாக இருக்கும் பெண்களும் வெளியே. உதவி அதிகம் வேண்டியவர்கள்தான் நோட்டில் இல்லை.

மூன்று பேர் வீடு வீடாகப் போய் எழுதினார்கள். கேள்வி கேட்ட அந்தப் பெண், ஒரு கல்லூரி மாணவி, அப்புறம் மருந்துச் சீட்டைத் தொலைத்த பையன். அவனை அனுப்ப வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். அவனே வருகிறேன் என்றான். அவனைவிட அக்கறையாக வேறு ஒருவரும் எழுதியிருக்க முடியாது. பெயர், போன், பக்கத்தில் இருப்பவர் யார், தினமும் போடும் மாத்திரை என்ன என்று நான்கு விவரம் எழுதச் சொன்னேன். ஐந்தாவதாக "மாத்திரை தீரும் தேதி" என்று ஒரு கட்டத்தை அவன்தான் சேர்த்தான். பட்டியல் முழுவதிலும் மிகவும் பயன்பட்டது அந்தக் கட்டம்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. காலனிப் பெண் தோட்டத்து வீட்டு வாசலில் நின்று கேட்டபோது இரண்டு வீட்டில் பதில் சொல்லவில்லை. பையன் தனியாகப் போன பிறகுதான் சொன்னார்கள். நோய் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று டி.வி.யில் தினமும் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த வீட்டுக்காரர்களிடம் நான் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை.

கவனிக்க வேண்டியவை என்று பட்டியலில் மொத்தம் 71 வீடு தேறியது. ஏப்ரல் முதல் வாரம் ரேசன் கார்டுக்கு 1000 ரூபாயும் இலவச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் கொடுத்தபோது, டோக்கன் இருந்தும் கடைக்கு நடக்க முடியாமல் வாங்காதவர்கள் சிலர் இருந்தது இந்தப் பட்டியலால்தான் தெரிந்தது.

களத்தில் இருந்த ஆறு பேர்

71 வீட்டையும் எழுதிவிட்டோம், இனி விட்டுப்போனது எதுவும் இல்லை என்று நினைத்தோம். ஏப்ரல் 17 காலை, பால் ஊற்றுகிறவர்கள் போன பிறகு ஒரு இளைஞன் வந்தான். சுண்ணாம்பு வட்டத்துக்கு வெளியே நின்றான். கையில் ஒரு பழைய தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் மடித்துக் கசங்கிய பத்து ரூபாய். "ஆதா லிட்டர்" என்றான், அரை லிட்டர் வேண்டுமாம். பிறகு என்ன நினைத்தானோ, விரலைச் சேர்த்து இன்னும் குறைவாக என்று காட்டினான்.

பாட்டிலை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனோம். வடக்கே தேங்காய்க் களத்தில், கொப்பரை காய வைக்கும் இடத்தை ஒட்டிய தகரச் சாளையில், அதாவது கொட்டகையில், ஆறு பேர். பீகார்க்காரர்கள். கூட்டிவந்த ஆள் போய்விட்டான், களத்துக்காரர் முதல் பத்து நாள் அரிசி அனுப்பியிருக்கிறார், அப்புறம் இல்லை. அரிசியும் உப்பும் மட்டும் இருந்தது. ஒருவனுக்கு நான்கு நாளாக வயிற்றுப்போக்கு, பால் அவனுக்குத்தான். மூன்று வாரமாக எங்கள் ஊர் எல்லைக்குள்தான் இருந்திருக்கிறார்கள். வீடு வீடாகப் போன மூவரும் அந்தக் களத்தைத் தாண்டித்தான் போனார்கள். வீடு என்று எண்ணினோம், சாளையை எண்ணவில்லை.

வி.ஏ.ஓ.விடம் சொல்லி அரிசி, பருப்பு, எண்ணெய் வந்தது. வயிற்றுப்போக்கு இருந்தவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். காலனியில் திருப்பூர்க் கம்பெனியில் வேலை செய்த ஒருவருக்கு இந்தி கொஞ்சம் தெரியும். அவர்தான் இரண்டு நாளுக்கு ஒரு முறை போய்ப் பேசினார். மே மாதம் திருப்பூரிலிருந்து சிறப்பு ரயில் விட்டபோது பெயர் பதிந்து அனுப்பிவைத்தோம்.

பாட்டி சொன்ன பிளேக் கதை

ஊரடங்கை மே 3 வரை நீட்டித்த சித்திரை முதல் நாளுக்குப் பிறகு ஊரின் வேகம் குறைந்தது. பொழுதோட வாசலில் உட்கார்ந்து பேசும் பழக்கம் திரும்பியது. தோட்டத்து வீடுகளில் பெங்களூரிலிருந்து வந்த பேரப்பிள்ளைகள் மாடு பிடிக்கப் பழகினார்கள். டாஸ்மாக் மூடியிருந்த அந்த நாற்பத்துச் சொச்சம் நாளில் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினோம் என்று பல பெண்கள் என்னிடம் சொன்னார்கள். மே 7 அன்று கடை திறந்தபோது அவர்கள் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

அப்படி ஒரு மாலையில் தொண்ணூறு வயதுப் பாட்டி ஒருவர், அவர் அம்மா சொன்ன பிளேக் காலத்துக் கதையைச் சொன்னார். கோவையில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அந்தக் காலத்து நினைவு அது. எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்துவிட்டு ஆளுக்கொரு காட்டில் சாளை போட்டு இருப்பார்களாம். "அன்னைக்குத் தள்ளித் தள்ளி இருந்தாங்க, ஆனா பொழுதானா ஒவ்வொரு சாளையிலயும் வெளக்கு எரியுதான்னு எங்காயா மேட்டுல நின்னு பாப்பாங்களாம். எரியலீன்னா ஆளு போகும்" என்றார். நான் அன்று ராத்திரி நோட்டை எடுத்துக் காலிக் கட்டங்களை மறுபடி பார்த்தேன்.

பிறகு நடந்தது

2020 முழுவதும் ஊரில் பெரிய பாதிப்பு இல்லை. முள்ளால் அல்ல. முள் கிடந்தது ஒன்பது நாள்தான். வந்தவர்கள் வேப்பிலை வீட்டில் ஒழுங்காக இருந்ததும், நோம்பியைத் தள்ளி வைத்ததும்தான் காரணம் என்பது என் கணிப்பு.

2021 அப்படி இல்லை. மே 10-இல் முழு ஊரடங்கு, 24-இல் இன்னும் கடுமை. அந்த மாதக் கடைசியில் கோவை மாவட்டத்தின் தினசரித் தொற்று சென்னையையே தாண்டியது. திருப்பூர், ஈரோடு எல்லாம் அடுத்தடுத்து. எங்கள் ஊரில் நான்கு பேரை இழந்தோம். பட்டியல் கையில் இருந்தது. சங்கத்தில் இரண்டு ஆக்சிமீட்டர் வாங்கி வைத்தோம். அளவு 94-க்குக் கீழே போனவர்கள் ஒன்பது பேரை உடனே அனுப்பினோம். அவர்களில் ஏழு பேர் திரும்பி வந்தார்கள்.

மற்ற இரண்டு மரணமும் தோட்டத்து வீடுகளில். இரண்டு வீட்டிலும் காய்ச்சலை மறைத்தார்கள். பால்கூட ஒழுங்காக வந்தது, பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து அனுப்பினார்கள். ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டபோது, "சொன்னா தகரம் அடிப்பாங்க, போன வருசம் முள்ளுப் போட்டாப்பல போட்டுருவாங்கன்னு பயந்துட்டோம்" என்றார் ஒருவரின் மகன். ஒன்பது நாள் முள் இரண்டாம் வருடத்திலும் வேலை செய்திருக்கிறது.

இனி எதை மாற்றுவேன்

முதல் கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை முதலில் பார்ப்பேன். காலனிப் பாட்டியும் மகளிர் குழுப் பெண்ணும் 23-ஆம் தேதி இரவு கோயில் வாசலில் இருந்திருந்தால் முள் விழுந்திருக்காது என்று நம்புகிறேன். பட்டியலை நோய் வந்த பிறகு எழுதக் கூடாது. சும்மா இருக்கும் காலத்தில் எழுத வேண்டும். அதில் வீடு என்ற கணக்கு வேண்டாம், ராத்திரி யார் எங்கே படுக்கிறார்கள் என்ற கணக்குத்தான் வேண்டும். களமும் கோழிப்பண்ணையும் செங்கல் சூளையும் அப்போதுதான் உள்ளே வரும். பட்டியல் யார் கையில் இருக்கும், யாருக்குக் காட்டலாம் என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். மாத்திரைப் பெயர் ஊருக்கெல்லாம் தெரிவது சிலருக்குச் சங்கடமாகப் போனது.

இட்டேரிகளைச் சுத்தம் செய்து வைத்திருக்க வேண்டும். அன்று இரவு கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது வேலி முள் இரண்டு பக்கமும் கிழித்தது. 2022-இல் அந்த இட்டேரியை நூறு நாள் வேலையில் சரிசெய்தார்கள்.

சங்க மேசையில் அந்த இரண்டு நிமிட விதியையும் இனி வைக்க மாட்டேன். தள்ளி நின்றாவது பேசவிடுவேன்.

37-ஆம் எண் பெரியவரும் அம்மாவும் இருக்கிறார்கள். அம்மா ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பார். மாட்டைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று போன தையில் இரண்டையும் விற்றுவிட்டார்கள். பால் நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே இப்போது கோடு போட்டிருக்கிறது. அன்று மாலையே நோட்டின் பின்பக்கப் பட்டியலில் அவர்கள் பெயரைச் சேர்த்தேன். இன்சுலின் தீரும் தேதி இந்த மாதம் 19.